பாலைவனம் பாக்கணும்னு பயலுவ வாரானுவ, தேரிக்காட்டுக்கு எப்படி போவணும்?

கொக்கிரகுளம் பையன்:
மக்கா ஒரு யோசன சொல்லுங்க. பெங்களூர்ல எங்கூட வேல பாக்குற பயலுவ நாலு பேரு ராஜஸ்தான் போவணும்னு ஆறு மாசமா பேசிட்டே இருந்தானுவ, லீவு அமையல, நான் சும்மா கெடக்காம எங்க ஊர்லயே பாலைவனம் இருக்குலேன்னு, அதான் திருச்செந்தூர் பக்கத்து செவப்பு மணக்காடு, தேரின்னு சொல்லுவோமே, அத நெனச்சு வாய விட்டுட்டேன், இப்ப டிக்கெட்டே போட்டுட்டானுவ. மே ரெண்டாவது வாரம் வாரானுவ. உண்மைய சொன்னா நான் தேரிய பாத்தது சின்ன வயசுல சாத்தாங்குளம் பஸ் ஜன்னல் வழியாத்தான். வாடகைக்கு ஒரு பெரிய கார் எடுக்கேன். காலைல திருநெல்வேலில இருந்து கெளம்புனா ராத்திரி வீட்டுக்கு வந்துறணும். எந்த ரூட்டு, எங்கன எல்லாம் நிறுத்தலாம், வண்டிய மணலுக்குள்ள எறக்கலாமா? வீடியோல எல்லாவனும் ஓட்டுதானே.

சாத்தாங்குளத்தான்:
தம்பி, கடைசி கேள்விக்கு மொதல்ல சொல்லிருதேன், எறக்கிராதீய. எங்க மச்சான் இப்படித்தான் புது வண்டிய காயாமொழி பக்கம் எறக்கி வீடியோ எடுங்கன்னான், டயர்ல காத்தக்கூட கொறைக்கல, முப்பதடி போவல, வண்டியோட அடிப்பாகம் மணல்ல ஒக்காந்துட்டு. ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க கீழதான் போவுது. பொறவு ஊருக்குள்ள போயி ட்ராக்டர் கூட்டிட்டு வந்து இழுத்தோம், அக்கா இன்னைக்கும் நல்லது கெட்டதுல அத சொல்லி காட்டுவா. போதாததுக்கு குதிரைமொழி தேரில வனத்துறை காடும் கெடக்கு, பனை முந்திரின்னு ஆளுவ பொழைக்கிற எடமும் இருக்கு. தார் ரோட்டு ஓரமா வண்டிய போட்டுட்டு நடங்க, அதான் தேரி.

நேரந்தான் முக்கியம். மே மாசம் அக்கினி நட்சத்திரம், பத்து மணிக்கு மேல மணல்ல கால் வைக்க முடியாது. அதனால பாளையங்கோட்டைய அஞ்சு மணிக்கெல்லாம் தாண்டிருங்க. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியா குரும்பூர், அங்கன இருந்து நாலுமாவடி பக்கமா திரும்பி மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுத்தி செக்கச்செவேல்னு மணல், நடுவுல சுனை. ராஜஸ்தான் கேட்ட பயலுவள மொதல்ல அந்த சுனைகிட்ட கொண்டு நிறுத்துங்க, வாய மூடிருவானுவ. அங்கேருந்து திருச்செந்தூர். கோயிலுக்கு கூட்டத்த பாத்து போங்க, ஆனா நாழிக்கிணத்த விட்டுராதீய, கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல நல்ல தண்ணி.

மத்தியானம் வெயிலுக்கு மணப்பாடு. 1542ல வந்த சவேரியார் தங்குனதா சொல்லுத குகை இருக்கு, அதுக்குள்ளயும் ஒரு கிணறு, மேட்டு மேல சிலுவைக் கோயில், காத்து பிச்சிக்கிட்டு போவும். அஞ்சு மணிக்கு மேல திரும்பி தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில். பின்னால உள்ள தேரில சாயங்கால வெயில் பட்டா மண்ணு ரத்தம் மாதிரி இருக்கும், போட்டோ எல்லாம் அங்கன எடுத்துக்கிடுங்க. டிசம்பர் நடுவுல கள்ளர்வெட்டு திருவிழா நடக்குறதும் அங்கதான், அன்னைக்கு அந்த மண்ணையே ஜனம் அள்ளி முடிஞ்சிட்டு வீட்டுக்கு கொண்டு போவும்.

ஓலைப்பட்டை:
அண்ணாச்சி எல்லாத்தையும் சொல்லிட்டு பதனிய விட்டுட்டீயளே! மே மாசம்னா பதனி சீசன் தம்பி, ஆனா காலைலயே குடிச்சிரணும், வெயில் ஏறுனா புளிச்சிரும். ரோட்டோரம் பனையோலைப் பட்டைல ஊத்தி குடுத்தா நுங்கயும் அதுலயே போட்டு தரச்சொல்லுங்க. பிளாஸ்டிக் கப்புல குடுக்குறவங்ககிட்ட நான் குடிக்க மாட்டேன், அது என் கிறுக்கு.

உடன்குடி போனா கருப்பட்டி வாங்காம வராதீய, புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. ஆனா சீனி கலந்ததும் அதே ஊர் பேர்லதான் விக்கி, நான் ஒருதடவ ரோட்டோரக் கடையில அஞ்சு கிலோ வாங்கி ஏமாந்தேன். கடிச்சா கல்லு மாதிரி இருக்கணும், வாயில போட்டா சட்டுனு கரையக்கூடாது. தெரிஞ்ச ஆளு மூலமா வாங்குங்க.

தருவைக்கரை:
பாலைவனம்னு சொல்லி கூட்டிட்டு வாரீய, வந்தவன் ஒட்டகம் எங்கலேன்னு கேட்டா என்ன சொல்லுவீய? கணக்குப்படி இது பாலைவனமே இல்ல. ஐப்பசி கார்த்திகைல வாடைமழை நல்லாவே பெய்யும், ஆனா மணல்ல விழுந்தா நிக்காது, கீழ எறங்கிரும். சாத்தாண்ணன் சொன்ன சுனையும் அப்படி எறங்குன தண்ணி ஊறுறதுதான், எங்க ஊரு பக்கம் தருவை தருவைன்னு குளங்க கெடக்கே, அதுவும் இந்த மண்ணோட சேந்த கதைதான். செவப்பு எதுனாலன்னா இல்மனைட்டு, கார்னெட்டுன்னு இரும்பு உள்ள கனிமம் மணல்ல கெடக்கு, அது சிதைஞ்சு ஒவ்வொரு மணல் மேலயும் துரு மாதிரி படிஞ்சிருக்கு. பக்கத்துல கடக்கரை மணல் வெள்ளையா இருக்க இது மட்டும் செவப்பா இருக்கேன்னு பயலுவ கட்டாயம் கேப்பானுவ, சொல்லிக்கிடுங்க.

வைகாசி கடைசில இருந்து ஆடி முடிய ஆரல்வாய்மொழி கணவாய் காத்து வந்து தேரிய தூக்கி அடிக்கும், நேத்து பாத்த மேடு இன்னைக்கு இருக்காது. நீங்க கொஞ்சம் முன்னாடி வாரதால தப்பிச்சீய.

சாத்தாங்குளத்தான்:
ஒட்டகம் இல்லேன்னா ராக்கெட்ட காட்டுங்க. குலசேகரன்பட்டினத்துல 2024 பிப்ரவரில ஏவுதளத்துக்கு அடிக்கல் போட்டாங்கல்லா, மணப்பாடு போற ரோட்டுலதான் அந்த ஊரு.

கொக்கிரகுளம் பையன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, ஓலைப்பட்டை நீங்களும். வண்டிய மணல்ல எறக்கல, சத்தியம். அஞ்சு மணிக்கு இந்த பயலுவள எழுப்புறதுதான் பெரும்பாடு, ஒம்போது மணிக்கு முன்னாடி கண்ணு முழிக்காத கூட்டம். ஒண்ணு செய்யலாமா, மொத நாள் ராத்திரியே திருச்செந்தூர்ல போயி ரூம் போட்டுட்டா? அங்கேருந்து அருஞ்சுனை அய்யனாரு பக்கந்தான?

சாத்தாங்குளத்தான்:
பக்கந்தான். வெள்ளி சனி மட்டும் வேண்டாம், ரூம் கெடைக்காது. கூடவே ரெண்டு கேன் தண்ணி, எல்லாரும் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கிடுங்க.