திருவனந்தபுரம் – துபாய்: போக 2¾ மணி, திரும்ப 5¼ மணியா?

குழித்துறைக்காரன்:
அம்மாவுக்கு ஐப்பசியில் துபாய் டிக்கெட் எடுத்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் விடியற்காலை 4.30-க்குக் கிளம்பி 7.15-க்கு இறங்குகிறது. திரும்பும்போது இரவு 10-க்குப் புறப்பட்டு 3.15-க்கு வருகிறது. ஒரே தூரம்தானே, ஏன் இப்படி? உண்மையில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அம்மா இன்சுலின் போடுகிறவர், அதனால்தான் கேட்கிறேன்.

வானவழி:
டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 7.15 என்றால் இங்கே 8.45, ஆக போக 4¼ மணி. திரும்பும்போது அங்கே இரவு 10 என்பது நமக்கு 11.30, 3.15 வரை 3¾ மணிதான்.

தூரத்தை நீங்களே சரிபார்க்கலாம். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள கோணம் 26.5 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் வீதம் 1,590 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 2,945 கி.மீ. வான்பாதை நேர்கோடாக இராததால் பறக்கும் தூரம் இன்னும் சற்றுக் கூடும்.

737, ஏ320 ரக விமானம் மேலே மணிக்கு 830 கி.மீ. அளவில் போகும். அப்படிப் பார்த்தால் மூன்றரை மணிதான். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. டிக்கெட் கணக்கு இங்கே நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை. தரையில் உருளுவதற்கே அரை மணி போய்விடும்.

போவதற்கும் வருவதற்கும் உள்ள அரை மணி வித்தியாசம் காற்றினால். குளிர்காலத்தில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று அடிக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்குக் காற்று ஓடும் (இதை 1958-ல் விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம்). அந்த மாதங்களில் வித்தியாசம் சுருங்கும்.

இறங்கும்வரை அம்மாவின் வாட்சை நம் நேரத்திலேயே விடுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியாக இருந்தால் தட்டு கைக்கு வந்த பிறகுதான் போட வேண்டும். அறிவிப்பைக் கேட்டதும் போட்டு, குலுங்கலில் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் குளிரில் உறைந்தால் வீண். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

பாறசாலை வழி:
வெளிநாட்டு டெர்மினல் சாக்கை பக்கம். சங்குமுகம் பக்கம் உள்நாட்டுக்கு. தவறி அங்கே போனால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், டிரைவரிடம் சாக்கை என்று அழுத்திச் சொல்லுங்கள். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழி வேண்டாம். காரோடு என்ற ஊரில் தொடங்கும் பைபாஸைப் பிடித்தால் நேரே வந்துவிடலாம். 1.30-க்கு உள்ளே நிற்கிற மாதிரி கிளம்புங்கள்.

ஐப்பசி என்றதால் இன்னொன்று. பத்மநாபசாமி கோயில் ஆராட்டு (சாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) ஊர்வலம் ஓடுபாதை வழியாகத்தான் கடலுக்குப் போகும். ஐப்பசி, பங்குனி என வருடத்துக்கு இரண்டு முறை, அன்று மாலையில் சுமார் 5 மணி நேரம் விமானம் ஏறவும் இறங்கவும் முடியாது. உங்களுடையது இரண்டும் விடியற்காலை என்பதால் சிக்கல் இல்லை. மாலை விமானத்துக்கு மாற்றினால் மட்டும் ஆராட்டு தேதியைப் பாருங்கள்.

குழித்துறைக்காரன்:
நன்றி அண்ணாச்சி. திரும்பி வரும் நாளுக்கு இரவு 2 மணிக்கு கார் சொல்லியிருக்கிறேன், போதுமா?

பாறசாலை வழி:
தேதியைப் பாருங்கள். 10-ஆம் தேதி இரவு அங்கே ஏறினால் இங்கே இறங்குவது 11-ஆம் தேதி. காரும் 11-ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்கு என்று சொல்ல வேண்டும்.