ஷேடோ டாமுக்குள் இருக்கும் இன்புட்டுக்கு ஸ்டைல் கொடுப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். பள்ளிச் சேர்க்கைப் படிவம் ஒன்றுக்காகத் தொலைபேசி எண், தேதி இரண்டுக்கும் கஸ்டம் எலிமெண்ட் (நாமே உருவாக்கும் எச்டிஎம்எல் டேக்) எழுதியிருக்கிறேன். எலிமெண்ட்டின் உள்பகுதியைப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் ஷேடோ டாம் இருப்பதால் தளத்தின் பொது சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) உள்ளே போகாது. நிறம், இடைவெளி எல்லாவற்றையும் சிஎஸ்எஸ் வேரியபிள் வழியாக அனுப்புகிறேன், அதில் குறையில்லை.

சிக்கல் மற்றவற்றில்தான். வெளியிலிருந்து ஸ்டைல் கொடுக்க உதவும் பார்ட் செலக்டரால், பெயர் வைத்த எலிமெண்ட்டைத் தொடலாம், அதற்குள் இருப்பதைத் தொட முடியாது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஜாவாஸ்கிரிப்டில் உருவாக்கி ஷேடோ டாமில் இணைக்கும் அடாப்டட் ஸ்டைல்ஷீட்தான் எனக்குப் பிடித்த வழி: ஒரே ஷீட்டை எல்லா எலிமெண்ட்டும் பகிர்ந்துகொள்ளும். எங்கள் பொது ஷீட்டோ முழுக்க இம்போர்ட் விதிகளால் (வேறு சிஎஸ்எஸ் கோப்புகளை உள்ளே இழுப்பவை) ஆனது, அங்கே இம்போர்ட் செல்லாது. சிஎஸ்எஸ் கோப்பை இணைக்கும் லிங்க் டேகை உள்ளே போட்டால் கோப்பு வந்து சேரும்வரை பெட்டி மொட்டையாகத் தெரிகிறது. பில்ட் நேரத்திலேயே (தளத்தை வெளியிடத் தயாரிக்கும்போதே) இம்போர்ட்டுகளை ஒன்றாக்கிக் கொடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தக் கருவி?

அப்புறம் இன்னொன்று. எலிமெண்ட் இன்டர்னல்ஸ் (கஸ்டம் எலிமெண்ட்டைப் படிவத்தின் உறுப்பாக்கும் வசதி) மூலம் படிவத்தோடு இணைத்திருப்பதால் ஹோஸ்டுக்கு, அதாவது வெளியே தெரியும் கஸ்டம் எலிமெண்ட்டுக்கு, மதிப்பு செல்லாதபோது பிடிக்கும் இன்வாலிட் செலக்டர் பொருந்துகிறது. பக்கம் திறந்ததுமே, பெற்றோர் ஓர் எழுத்துகூடத் தட்டும் முன்பே, கட்டாயப் பெட்டிகள் எல்லாம் சிவப்பாகிவிடுகின்றன. முதன்முறை ஆன்லைனில் விண்ணப்பிப்பவர் இதைப் பார்த்து மிரளக் கூடாது, அதுதான் என் பெரிய கவலை. பெட்டியை விட்டு நகரும்போது ஒரு கஸ்டம் ஸ்டேட் (எலிமெண்ட்டுக்கு நாமே வைக்கும் நிலைக்குறி) சேர்த்து, அதுவும் இன்வாலிட்டும் சேர்ந்திருந்தால் மட்டும் சிவப்பு என்று எழுத நினைக்கிறேன். அந்தக் குறியைப் பிடிக்கும் ஸ்டேட் செலக்டர் முக்கிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் வந்தது 2024இல்தான். பழைய போன்களுக்கு ஹோஸ்டில் ஒரு ஆட்ரிபியூட் வைத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.