எல்லாவற்றையும் கடிக்கும் குட்டி, தோட்டத்தில் மூடாக்கு: வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்

கோவை:
வீட்டுக்கு நாட்டு நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது, மூன்று மாதம் முடிந்துவிட்டது. செருப்பு, துடைப்பம், மிதியடி எதுவும் மிச்சமில்லை. கத்தரிக்கும் தக்காளிக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் காய்ந்த இலையும் மூடாக்காகப் போட்டிருக்கிறேன், இந்த வெயிலில் அதை எடுத்தால் மதியத்துக்குள் செடி துவண்டுவிடும். குட்டியோ நேராக அங்கேதான் போய் உட்கார்ந்து மட்டையைப் பிய்க்கிறது. எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா?

ஈரோடு:
பிய்த்துத் துப்பினால் பயமில்லை, விழுங்கினால்தான் வம்பு. எங்கள் லாப்ரடார் குட்டி விழுங்கியது. வாந்தி நிற்கவில்லை, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வெளிக்கும் போகவில்லை, வயிற்றில் கை வைத்தாலே முனகியது. ஸ்கேன் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். டாக்டர் எடுத்துக் காட்டியது கயிறு மாதிரி முறுக்கிக்கொண்ட தேங்காய் நார், நடுவில் ஒரு மட்டைச் சில்லு. குடலில் போய் அடைத்திருந்தது. மட்டையைவிட எனக்கு அதிகப் பயம் நார்க்கழிவுக் கட்டி, கோகோபீட் என்று விற்பார்களே அது. தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும். காய்ந்த கட்டியைக் கடித்து விழுங்கிவிட்டுத் தண்ணீரும் குடித்தால் வயிற்றுக்குள்ளேயே ஊதும். அதைக் குட்டிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

திண்டுக்கல்:
மூடாக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள், அதற்கு அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு இருந்தால் இன்றைக்கே குட்டியை அங்கிருந்து தள்ளி வையுங்கள். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. செக்கில் ஆட்டும்போது அது எண்ணெயோடு போகாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும், நன்றாகச் சூடுபடுத்தினால்தான் முறியும். எலும்புத் தூளோடு கலந்து போட்டால் இன்னும் ஆபத்து, அந்த வாசனைக்கு நாய் தோண்டித் தோண்டித் தின்னும். பக்கத்து வீட்டுக் குட்டிக்கு இதுதான் நடந்தது. சாயங்காலம் ரோஜாப் பாத்தியைக் கிளறியது, இரவு ஓடி விளையாடியது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மறுநாள் காலையில் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டு கிடந்தது. இந்த நஞ்சு பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், முறிவு மருந்தும் கிடையாது. டிரிப் ஏற்றி எவ்வளவோ பார்த்தார்கள், பிழைக்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். தின்றதைப் பார்த்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்தச் சாக்கையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

லண்டனில் தங்கை இருக்கிறாள்:
அங்கே காக்கோ விதைத் தோலை மூட்டையாக மூடாக்குக்கு விற்கிறார்கள். பார்க்க அழகு, புதிதாகப் பிரித்தால் சாக்லேட் வாசனை. சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத தியோபுரோமின் அதிலும் இருக்கிறது. அவள் வீட்டு நாய் தின்றுவிட்டு இரவெல்லாம் மூச்சு வாங்கி, நெஞ்சு படபடவென்று அடிக்க, நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்ததாம், நல்லவேளையாகச் சீக்கிரம் கொண்டுபோனதால் தப்பியது. நம் பக்கம் பொள்ளாச்சியில் தென்னைக்கு நடுவே காக்கோ போடுகிறார்கள், அங்கிருந்து தோல் கிடைத்தால் நாய் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

சென்னை:
மழைக்காலத்தை யாரும் சொல்லவில்லையே. ஐப்பசி, கார்த்திகையில் மூடாக்கு ஊறி பூஞ்சை பிடிக்கும், காளான் முளைக்கும். சில பூஞ்சைகளின் நஞ்சு நாய்க்குக் கை கால் நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். மேல் அடுக்கைக் கிளறிக் காய விடுங்கள், நாற்றம் வந்தால் அள்ளிப் போட்டுவிடுங்கள். அப்புறம் காய்ந்த இலை என்கிறீர்கள், எந்த மரத்து இலை? அரளி இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது, நேராக இதயத்தைத் தாக்கும். மாவிலை, வேப்பிலை என்று தெரிந்ததாகப் பார்த்துப் போடுங்கள். எதைத் தின்றாலும் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றாதீர்கள், எண்ணெயும் வேண்டாம். உப்பு உடம்பில் ஏறினால் அதுவே கொல்லும், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஈரோடு:
கோவைக்காரருக்கு: முழுக்க எடுக்க வேண்டாம். மட்டையை மட்டும் எடுத்துவிட்டு இலையும் வைக்கோலும் போடுங்கள், பாத்தியைச் சுற்றிக் கோழி வலை கட்டுங்கள். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்து முடிய ஆறு ஏழு மாதம் ஆகும், அதுவரை ஈறு அரித்துக்கொண்டே இருக்கும், கடிக்கத்தான் செய்யும். துணியை நனைத்து முறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் தோட்டத்துப் பக்கம் போவது பாதியாகக் குறைந்தது.

கோவை:
எல்லோருக்கும் நன்றி. வாங்கி வைத்திருக்கும் கலவைப் புண்ணாக்குச் சாக்கில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதவே இல்லை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பேன். ஆமணக்கு இருக்கிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.