ஹியூயி லாங்: இலவசப் பாடநூல் தந்தவரா, சட்டசபையை முடக்கியவரா?

தென்கரை:
அமெரிக்காவின் லூயிசியானா மாநில ஆளுநராக இருந்த ஹியூயி லாங்கைச் சர்வாதிகாரி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது அநியாயம். (அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், நம் முதல்வரைப் போன்ற பதவி.) 1928 மே மாதம் அவர் பொறுப்பேற்றபோது மாநிலம் முழுக்கப் போட்டிருந்த கான்கிரீட் சாலை சுமார் 300 மைல்தான். பள்ளிப் புத்தகங்களைப் பெற்றோர்தான் காசு கொடுத்து வாங்கவேண்டும். மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய், எரிவாயு மீதான வரியைத் திருத்தி, அந்தப் பணத்தில் புத்தகங்களை இலவசமாக்கினார். பள்ளிக்குத் தராமல் பிள்ளைக்குத் தருவதாகச் சட்டத்தை எழுதியதால் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. 1930இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

வழக்காடி:
புத்தகம் நல்லதுதான். கேடோ வட்டாரம் அதை வாங்க மறுத்தபோது என்ன செய்தார்? அங்குள்ள ஷ்ரீவ்போர்ட் நகரின் பக்கம் ராணுவ விமானத் தளம் வர மாநில அரசின் நிலம் தேவைப்பட்டது. புத்தகத்தை ஏற்றால்தான் நிலம் என்று பிடித்துவைத்தார். அரசு ஊழியர் சம்பளத்தில் அவருடைய அரசியலுக்காகப் பிடித்தம் செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்கரை:
எதிரி யார் என்று பாருங்கள் சார். 1929இல் சுத்திகரிக்கும் எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி கேட்டார். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் எதிர்த்தது. பதவி நீக்க முயற்சி கிளம்பியது அதன் பிறகுதான்.

வழக்காடி:
கிளம்பிய காரணம் எதுவானாலும், தப்பித்த வழியைப் பாருங்கள். கீழவை குற்றச்சாட்டுகளை நிறைவேற்றி அனுப்பிவிட்டது. மேலவையில் 39 பேர். தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26 வாக்கு வேண்டும். 14 பேர் மறுத்தாலே போதும். லாங் 15 பேரிடம் கையெழுத்து வாங்கினார். சிறப்புக் கூட்டத்தின் கெடு முடிந்தபிறகு நிறைவேறிய குற்றச்சாட்டுகள் செல்லாது, சாட்சியம் எதுவானாலும் தண்டிக்க வாக்களிக்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். மிச்சம் 24. விசாரணை அத்தோடு நின்றது. கையெழுத்திட்டவர்களுக்குப் பின்னால் பதவியும் சலுகையும் போய்ச் சேர்ந்தன. நீதிபதி இடத்தில் உட்கார்ந்தவர்கள் வழக்கைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதித் தருவதை எந்த நல்ல சாலையும் நியாயப்படுத்தாது.

நெய்தல்:
இருவரும் வாக்குரிமையைத் தொடவில்லை. வாக்களிக்க ஆண்டுக்கு 1 டாலர் தலைவரி கட்டவேண்டியிருந்தது. 1934இல் அது ஒழிந்தது. ஏழை வெள்ளையர்கள் பெருமளவில் பட்டியலில் சேர்ந்தார்கள். கறுப்பினத்தவருக்கு மற்றத் தடைகள் அப்படியே இருந்தன. அதே ஆண்டு, வாரம் 20,000 பிரதிக்கு மேல் விற்கும் பத்திரிகைகளின் விளம்பர வருவாய்க்கு 2 சதவீத வரி போட்டார்கள். அந்தப் பத்திரிகைகளில் ஏறக்குறைய எல்லாமே லாங்கின் எதிர்ப்பாளர்கள். 1936இல் உச்ச நீதிமன்றம் வரியை ரத்து செய்தது. லாங் 1935 செப்டம்பரிலேயே மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜின் சட்டசபைக் கட்டடத்தில் சுடப்பட்டு, இரண்டு நாளில் இறந்துவிட்டார்.

தென்கரை:
பத்திரிகை வரி தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாங்கின் அணியிலிருந்து பின்னாளில் ஆளுநரான லீஷ் 1939 ஊழலில் சிக்கியதையும் லாங் தலையில் கட்டுகிறார்களே, அது எப்படி? லாங் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

வழக்காடி:
திருடியது லீஷ்தான். ஆனால் நகராட்சிகள், பள்ளி வாரியங்கள் கையிலிருந்த நியமன அதிகாரத்தை 1934-35 சிறப்புக் கூட்டங்களில் மாநிலத் தலைமையிடம் குவித்தது லாங். செனட்டராக வாஷிங்டன் போனபிறகும் தன் ஆள் ஓ. கே. ஆலனை ஆளுநராக வைத்துக்கொண்டு அதைச் செய்தார். தட்டிக்கேட்கும் இடங்களையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் சாவியை அடுத்தவருக்கு விட்டுப்போனார்.