ஜிப்ஸிக்குப் புது ரேடியேட்டர்: செம்புக் கோரா, அலுமினியமா?

முந்திரித்தோப்பு (கடலூர்)

வணக்கம். 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், 1.3 பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி. வண்டியோட வந்த பித்தளை டேங்க் ரேடியேட்டர்தான் இன்னும் ஓடுது. கீழ் டேங்க் சேர்ற இடத்துல கசிவு. ஈயம் வச்சு வச்சு அந்த இடமே மேடாயிடுச்சு, இனிமே பத்தவைக்க மாட்டேன்னு பட்டறைக்காரரே கையை விரிச்சிட்டார்.

வீடு மஞ்சக்குப்பம். பண்ருட்டி பக்கம் தோப்புக்குப் போற செம்மண் பாதைதான் வாராவாரம். லீவு கிடைச்சா கல்வராயன் மலை. ஈசிஆர்ல 80ல விட்டா ஹீட் ஊசி அசையாது. பாண்டி ராஜீவ் காந்தி சிலை சிக்னல்ல ஏசி போட்டு நின்னா ஏறும். மலையில ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்தாலும் ஏறும். ஏசி கம்பெனியில வந்தது இல்ல, அப்புறம் வெளியில போட்டது.

மூணு வழி சொல்றாங்க. பழைய பித்தளை டேங்கை வச்சுக்கிட்டு செம்புக் கோர் மட்டும் மாத்துறது (கோர்னா மேல், கீழ் டேங்குக்கு நடுவுல இருக்கிற ட்யூபும் அதை ஒட்டின மெல்லிசு இலைத் தகடும்). பிளாஸ்டிக் டேங்க் போட்ட ரெடிமேட் அலுமினியம். ஆர்டர் கொடுத்துச் செய்ற முழு அலுமினியம். வாங்கிப் போட்டவங்க சொல்லுங்க.

குருசுக்குப்பம் (புதுச்சேரி)

முழு அலுமினியம். யோசிக்கவே வேணாம் ப்ரோ. பித்தளையில ட்யூபை அகலமாப் போட முடியாது, பிரஷர்ல உப்பிடும். அதனாலதான் சின்னச் சின்ன ட்யூபா மூணு வரிசை, நாலு வரிசைன்னு அடுக்குறாங்க. அலுமினியத்துல ஒரு இன்ச் அகல ட்யூப் ரெண்டே வரிசை போதும். எடையும் குறைவு. இன்னிக்கு ஷோரூம்ல இருந்து வர்ற எந்த வண்டியில செம்பு இருக்கு?

லாரி டெர்மினல் (மேட்டுப்பாளையம், புதுச்சேரி)

ஷோரூம் வண்டி முந்திரிக்காட்டுக்குள்ள போகாது தம்பி.

கல் பட்டு ஓட்டை விழுந்தா பித்தளைக்கு ஈயமும் ஒரு பர்னரும் போதும். கள்ளக்குறிச்சியிலயும் ஆள் இருக்கான், பண்ருட்டியிலயும் ஆள் இருக்கான். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேணும். எல்லா வெல்டிங் பட்டறையிலயும் ஆர்கான் கிடையாது. இருந்தாலும் அந்த மெல்லிசு ட்யூப்ல கை வைக்கிற ஆள் இருக்கணும். பிளாஸ்டிக் டேங்கைப் பத்திப் பேசவே வேணாம். ரப்பர் கேஸ்கட் வச்சு, அலுமினியப் பல்லை மடக்கிப் பிடிச்சிருக்கான். நைலான் வயசானா சூட்டுல மொறுமொறுன்னு ஆகி, ஹோஸ் மாட்டுற மூக்கோட உடையும். எம்-சீல் பூசி வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

கோர் மாத்து. டேங்க் உன் வண்டி டேங்க். ஹோஸ், மவுண்டிங் எல்லாம் அச்சா உட்காரும்.

நெய்வேலி ஓய்வு

செம்பு வெப்பத்தை அதிகம் கடத்தும் என்று அடுத்து யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். செம்பின் கடத்துத்திறன் சுமார் 400, தூய அலுமினியத்துக்கு 235 அளவில், மீட்டர் கெல்வினுக்கு வாட் கணக்கில். ஆனால் செம்பு இலையையும் பித்தளை ட்யூபையும் ஒட்டவைத்திருக்கும் ஈயக்கலவை இரண்டையும்விட எத்தனையோ மடங்கு குறைவாகக் கடத்துவது. அலுமினியத்தில் அந்த ஒட்டு இல்லை, அதே குடும்பத்து உலோகத்தை உருக்கிச் சேர்த்திருப்பார்கள்.

இதெல்லாம்கூடச் சின்ன விஷயம். இலையிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் இடம்தான் குறுகலான வாசல். காற்று வராவிட்டால் தங்கத்தில் கோர் செய்தாலும் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவரின் குறிப்பை மறுபடி படியுங்கள். 80ல் போகும்போது ஊசி ஏறவில்லை. அந்த வேகத்தில் என்ஜின் கொடுக்கும் வெப்பம் சிக்னலில் நிற்பதைவிடப் பல மடங்கு, அதை இதே பழைய கோர் கையாள்கிறது. கோர் அடைத்திருந்தால் ஹைவேயில்தான் முதலில் தெரியும். நிற்கும்போதும் ஊரும்போதும் ஏறுகிறது என்றால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஃபேனைச் சுற்றி ஷ்ரவுடு, அதாவது காற்றைக் கோர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு, இருக்கிறதா? கசிவுக்குப் புதுசு வேண்டியதுதான், அது வேறு. ஆனால் புதுசு போட்டால் சூடு தீரும் என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

முந்திரித்தோப்பு

ஷ்ரவுடு மேல் பாதி இல்ல சார். ஏசி போட்டப்ப கம்ப்ரஸர் பெல்ட்டுக்கு இடிக்குதுன்னு அறுத்துட்டாங்க. ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசி சூட்டை வெளியேத்துற கண்டென்சர் இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு சின்ன எலக்ட்ரிக் ஃபேன். அது சுத்துது.

குருசுக்குப்பம்

அப்போ பதில் கிடைச்சிருச்சே. கண்டென்சர் கக்குற சூட்டைத்தான் ரேடியேட்டர் குடிக்குது. ஷ்ரவுடு இல்லாத ஃபேன் கோர் வழியா இழுக்காது, ஓரத்துல இருக்கிற காத்தையே சுத்திச் சுத்தி அடிக்கும். ஷ்ரவுடை முழுசாப் போட்டு, இறக்கையில பாதி உள்ளே, பாதி வெளியே நிக்கற மாதிரி வைங்க. அப்படியும் நான் அலுமினியம்தான் சொல்வேன்.

தேவனாம்பட்டினம்

ஒரே கேள்வி. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா என்ன? நம்ம ஊர் கத்திரி வெயிலுக்கு அது எதுக்கு?

லாரி டெர்மினல்

கழட்டாதே. 82 டிகிரியில திறக்கற வால்வு, சூடானப்புறம் எப்படியும் திறந்துதான் கிடக்கும். கழட்டினா காலையில என்ஜின் சூடாகாம ஓடும், பெட்ரோல் குடிக்கும், ஆயில் கெடும். சிக்னல்ல ஏறுறது அப்படியேதான் ஏறும்.

குருசுக்குப்பம்

லாரி அண்ணே ஒண்ணு மறந்துட்டார். ஜிப்ஸி என்ஜின் ப்ளாக், ஹெட் ரெண்டுமே அலுமினியம். அதுல செம்பு ரேடியேட்டர் மாட்டி, மஞ்சக்குப்பம் போர் தண்ணியை ஊத்தினா என்ன ஆகும்? தண்ணியில கரையிற செம்பு போய் அலுமினியத்து மேல உட்கார்ந்து குழி குழியா அரிக்கும். தண்ணிப் பாதை முழுக்க ஒரே உலோகமா இருந்தா அந்தத் தலைவலி இல்ல.

நெய்வேலி ஓய்வு

பாதி சரி. ஜிப்ஸி பித்தளை ரேடியேட்டரோடு வந்து இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. செம்பு கரையாமல் தடுக்கிற மருந்து நல்ல கூலன்ட்டிலேயே இருக்கிறது. போர் தண்ணீர் ஊற்றினால் முழு அலுமினியமும் தப்பாது. கரையோரத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை ஊசி குத்தியதுபோல் துளைக்கும். செம்புக் கோர் மெதுவாக அடைத்துக்கொள்ளும், அலுமினியம் திடீரென்று ஒழுகும்.

ரெடிமிக்ஸ் கூலன்ட், அல்லது அடர் கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில் வாட்டரும் சரிபாதி. சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். வெறும் தண்ணீரே, 0.9 கிலோ அழுத்தம் பிடிக்கும் ரேடியேட்டர் மூடி போட்டிருந்தால் 118 வரை தாங்கும். மூடியின் ரப்பர் போயிருந்தால் அந்த லாபம் பறந்துவிடும். ரேடியேட்டர் வாங்கும் நாளில் மூடியும் புதுசு வாங்குங்கள், ரொம்பச் சின்னச் செலவு.

தேவனாம்பட்டினம்

அப்போ 0.9க்குப் பதிலா 1.1 மூடி போட்டா இன்னும் நல்லதா?

லாரி டெர்மினல்

பழைய டேங்க், பழைய ஹோஸ், பழைய ஹீட்டர் குழாய். எது முதல்ல வாய் பிளக்குதுன்னு பந்தயம் கட்டலாம். கம்பெனி என்ன போட்டானோ அதையே போடு.

குருசுக்குப்பம்

உப்புத் தண்ணி பேசினீங்க, உப்புக்காத்து? எங்க தெருவுல இருந்து கடல் கூப்பிடு தூரம். செம்பு இலை பச்சை பூத்து, விரல் பட்டாலே பொடியா உதிருது. ட்யூப் நல்லா இருக்கும், இலையே இருக்காது. தண்ணி ஒழுகாது, சூடும் இறங்காது. இதுக்கு உங்க ஈயமும் பர்னரும் என்ன பண்ணும்?

லாரி டெர்மினல்

அலுமினிய இலை மட்டும் உப்புல சிரிச்சுக்கிட்டு இருக்குமா? வெள்ளையாப் பூத்து உதிரும். நீ கடலோரத்துல நிறுத்தற. அவர் மஞ்சக்குப்பத்துல ஷெட்டுக்குள்ள நிறுத்துவார். பீச்சுக்குப் போயிட்டு வந்தா நல்ல தண்ணியை என்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா மெதுவா அடிக்கணும், ரெண்டு ரேடியேட்டருக்கும் அதேதான். வாட்டர் சர்வீஸ்காரன் பிரஷர் கன்னைக் குறுக்கா வச்சு அடிச்சா இலை மொத்தமா சாஞ்சிடும், பக்கத்துல நின்னு பாரு.

அவருக்கு நிஜமான எதிரி சவுக்குச் சருகு. ஊசி ஊசியா கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல போய் அடைஞ்சு, அதுமேல செம்மண் அப்பும். வெளியில இருந்து பார்த்தா பளிச்சுன்னு இருக்கும். ரெடிமேட் அலுமினியத்துல இலை ரொம்ப நெருக்கம், ரோட்டுக்கு அது சரி. கோர் மாத்தினா இலை கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கிற கோரைக் கேட்டு வாங்கலாம். காட்டு வண்டிக்கு அதுதான் தோது.

பாகூர் ஏரி

வெள்ளத்துல இறங்குற பழக்கம் இருந்தா இதையும் கணக்குல வைங்க. 2024 ஃபெஞ்சல் மழைக்கு அப்புறம் தென்பெண்ணைத் தண்ணி ரோட்டுல நின்னப்ப என் மாமா ஜிப்ஸியை இறக்கினார். பெல்ட்ல ஓடுற ஃபேன் தண்ணிக்குள்ள சுத்தினா இறக்கை முன்னாடி வளைஞ்சு கோரைச் சீவிடும். சீவினது செம்புக் கோர். அறுந்த ட்யூபுகளை ரெண்டு பக்கமும் அடைச்சு ஈயம் வச்சுக் கொடுத்தாங்க, வண்டி இன்னும் ஓடுது. அலுமினியமா இருந்திருந்தா பழைய இரும்புக்கடைக்குத்தான் போயிருக்கும். ஆழத் தண்ணின்னா பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்குறதுதான் புத்தி.

குருசுக்குப்பம்

பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கியிருந்தா எந்த கோரும் போயிருக்காதே. அதைச் செம்புக்குச் சாதகமா எழுதறீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க.

முந்திரித்தோப்பு

எல்லாருக்கும் நன்றி. காலையில என்ஜின் ஓட மூடியைத் திறந்து வச்சுப் பார்த்தேன், குமிழி வரல. பட்டறையில பிரஷர் டெஸ்ட்டும் பண்ணியாச்சு, கீழ் டேங்க் கசிவைத் தவிர வேற எங்கயும் இறங்கல. ஹெட்டுக்கும் ப்ளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்குமோங்கற பயம் போச்சு.

செம்புக் கோரே மாத்தப் போறேன். மலையில மாட்டிக்கிட்டா சரிபண்ண ஆள் கிடைக்கணும், எனக்கு அதுதான் முக்கியம். ஷ்ரவுடு சென்னை புதுப்பேட்டையில தேடச் சொல்லியிருக்கேன். கோர் ரெண்டு வரிசையா, மூணு வரிசையா? பட்டறைக்காரர் மூணுங்கறார்.

குருசுக்குப்பம்

என் ஓட்டு இன்னும் அலுமினியம்தான், ஆனா உங்க வண்டி. மூணு வரிசை போட்டா தண்ணி அதிகம் பிடிக்கும், சரி. காத்துக்குத் தடையும் அதிகம். உங்க பிரச்சனையே ஊர்ந்து போறப்ப காத்து வராததுதான். முன்னாடி கண்டென்சர் வேற நிக்குது. ரெண்டு வரிசை, நல்ல ஷ்ரவுடு, கண்டென்சர் ஃபேனைப் பெருசாக்குங்க.

லாரி டெர்மினல்

அதிசயமா இதுல அவர் சொல்றது சரி. மூணு வரிசைன்னா கோர் கனமும் கூடும், ஃபேனுக்கு இடம் குறையும். ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் உள்ள இடைவெளியை அளந்துட்டுப் போ. ஒரு இன்ச் குறையாம நிக்கணும். என்ஜின் மவுண்ட் ரப்பர் பழசுன்னா பிரேக் அடிக்கும்போது என்ஜினே முன்னாடி வரும், அதையும் மாத்திட்டு அள. ரேடியேட்டர் மவுண்ட்டுக்கும் புது ரப்பர் புஷ் போடச் சொல்லு. இரும்போட இரும்பா முறுக்கிட்டா, செம்மண் பாதையில சேசிஸ் முறுக்குற முறுக்குக்கு கீழ் டேங்க் அதே இடத்துல மறுபடி விடும்.

முந்திரித்தோப்பு

மவுண்ட் ரப்பரைப் பார்த்தேன் அண்ணே, இடது பக்கம் கிழிஞ்சிருக்கு. முதல்ல அதை மாத்திட்டு அளந்து அளவைப் போடறேன்.