மாற்றாந்தந்தையும் முன்னாள் கணவரும்: வழக்கு எங்கே முளைக்கிறது?

குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

விவாகரத்தான தாய் மறுமணம் செய்தால், புதுக் கணவர் பிள்ளைக்கு மாற்றாந்தந்தை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: ‘தந்தை’, ‘தாய்’ என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள். ஃபீஸ் கட்டுவதும் காய்ச்சலுக்குக் கண்விழிப்பதும் மாற்றாந்தந்தையாகவே இருக்கலாம்; சட்டப்படி காப்பாளர் அவரல்ல. அதனால் பிள்ளை சம்பந்தமான மனு எதுவும் மனைவி பெயரில்தான் போக வேண்டும். புதுக் கணவரையும் மனுதாரராகச் சேர்த்தால், அவருடைய வருமானத்திலிருந்து பழைய மணவாழ்க்கை வரை குறுக்கு விசாரணையில் கிளறுவார்கள். தேவையென்றால் சாட்சியாக ஒரு பிரமாணப் பத்திரம் போதும்.

பல வழக்குகளுக்கு விதை பள்ளி விண்ணப்பம்தான். ‘தந்தை பெயர்’ கட்டத்தில் ஆசையாகப் புதுக் கணவர் பெயரை எழுதிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளியில் இன்னொரு பெயர். பாஸ்போர்ட் சமயத்தில் இடிக்கும். அதற்குள் முன்னாள் கணவருக்கு நல்ல ஆவணம் ஒன்று கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாக, பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர் புதுக் கணவர் என்று தாய் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் அன்றாட வேலை நடந்துவிடும்.

தத்து விவகாரங்களைக் கவனிக்கும் வழக்கறிஞர்

“தத்து எடுத்துவிட்டால் முடிந்ததே” என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 9(2)இன்படி, பெற்றோரில் ஒருவர் தத்துக் கொடுக்க மற்றவர் சம்மதம் வேண்டும். துறவு, மதமாற்றம், மனநலக் குறைவு என்ற நீதிமன்றத் தீர்மானம் இவை மூன்றே விலக்கு. விவாகரத்து அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் ஆணுக்கு அவளைவிட 21 வயதாவது கூட இருக்க வேண்டும். 30 வயதுக்காரர் 10 வயதுப் பெண்ணை எடுக்க முடியாமல் போவது இங்கேதான். ஏற்கெனவே மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்கவும் முடியாது.

இன்னொரு வழியான இளைஞர் நீதிச் சட்டத்தில், கேரிங்ஸ் என்ற தத்தெடுப்புக்கான அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆணையை மாவட்ட ஆட்சியர் தருவார். அங்கேயும் பெற்ற தகப்பன் சம்மதம் கேட்பார்கள். கஸ்டடி வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை நகராது.

தத்து செல்லுபடியானால் பழைய தகப்பனின் பராமரிப்புப் பொறுப்பும் போய்விடும். சிலர் சட்டென்று சம்மதிப்பதன் காரணம் இதுதான். தத்து நடக்காதவரை, “உனக்குத்தான் வேறு புருஷன் வந்துவிட்டானே” என்று பிள்ளைக்கான பணத்தை நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது. மறுமணத்தால் நிற்பது மனைவிக்கான ஜீவனாம்சம் மட்டுமே.

குடும்பநல ஆலோசகர்

சண்டையைப் பெரிதாக்குவது வாட்ஸ்அப். மாற்றாந்தந்தை தன் போனிலிருந்து முன்னாள் கணவருக்கு அனுப்பும் ஒரு கோபச் செய்தி, அடுத்த வாய்தாவில் ஆவணமாக வரும். நேரம், இடம் பற்றிய தகவலைத் தாய் மட்டும், ஒரே எண்ணிலிருந்து, இரண்டு வரியில் அனுப்பட்டும். பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தில் புதுக் கணவர் வண்டியைவிட்டு இறங்காமல் இருப்பது பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கும்.

முதலில் எழுதிய வழக்கறிஞர்

அந்தச் செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63(4)இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் ‘ஏ’ பகுதியைத் தாக்கல் செய்பவரும் ‘பி’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு). மூல போனை விற்றுவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது தாய் இறந்துபோகும் நிலை. பத்து வருடம் வளர்த்தவர் கையிலிருந்து பிள்ளையைக் கேட்டு, பெற்ற தகப்பன் வந்து நிற்பார். மாற்றாந்தந்தைக்கு உள்ள வழி, 1890ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கோருவது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போட முடியும். கூடவே 12ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். 19ஆம் பிரிவு பெற்றவருக்குச் சாதகமாகத் தொடங்குகிறது, அவர் தகுதியற்றவர் என்று காட்டும் சுமை இவருடையது. பணம் அனுப்பாத வருடங்கள், வராமல் போன சந்திப்புகள், பள்ளிக் கூட்டங்களில் இவர் இட்ட கையெழுத்துகள் என எல்லாம் தேதியோடு கையில் இருக்க வேண்டும். சொல்லத் தெரிந்த வயதிலுள்ள பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். சொல்லிக்கொடுத்த பதில் என்றால் அந்த அறையிலேயே தெரிந்துவிடும்.