மழையில் நனைந்த ரைபிள், பேரலில் படியும் கசடு: அவரவர் கண்டதைப் பகிரலாம்

மழையில் ரைபிள் நனைவதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து உறைக்குள் போட்டு மூடிவிடுகிறோமே, அதுதான் அதைத் தின்கிறது. ஸ்டாக்கை (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையை) கழற்றிப் பார்த்தால் தெரியும். பேரலின் (குழலின்) அடிப்பக்கம், ரிகாயில் லக் (சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்கும் புடைப்பு) உட்காரும் பள்ளம், ஸ்கோப் மவுண்டுக்கு அடி ஆகிய மூன்று இடங்களிலும் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். ஸ்டாக்கின் விளிம்பு ஓடும் கோட்டிலேயே பேரலில் மெல்லிய ஆரஞ்சு நிறக் கோடு விழுந்திருக்கும். மேலே நின்று பார்ப்பவர் கண்ணில் அது படாது.

முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள். போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் தண்டை) உருவிவிட்டு முனை கீழே இருக்கும்படி பத்து நிமிடம் சாய்த்து வையுங்கள். பிறகு ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை (ரைபிளின் இயங்குபகுதியை ஸ்டாக்கோடு பூட்டுபவை) கழற்றி, உலோகத்தையும் ஸ்டாக்கையும் பிரித்து அறைக் காற்றில் காய விடுங்கள். அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ வைக்க வேண்டாம். மரம் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் விரிசல் விடும். பேரலின் அடிப்பக்கத்துக்கு எண்ணெயைவிட மெழுகு நல்லது, அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போகாது.

திரும்பப் பூட்டும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) அவசியம். அலுமினியப் பில்லர் (ஸ்க்ரூ போகும் துளைக்குள் வைக்கும் குழாய்) உள்ள ஸ்டாக்குக்கு 65 இன்ச்-பவுண்ட் வரை பரவலாகப் போடுகிறார்கள். பில்லர் இல்லாத வெறும் மரத்துக்கு 35 முதல் 45 போதும், அதற்கு மேல் போனால் மரம் நசுங்கும். தயாரிப்பாளர் கொடுத்த அளவு கையில் இருந்தால் அதுதான் கணக்கு. பூட்டியபின் ஜீரோ (குறி வைத்த இடத்தில் குண்டு விழுகிறதா என்று) பார்க்காமல் வேட்டைக்குக் கிளம்பாதீர்கள்.

*

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: டிரிகர் குரூப்புக்குள் (விசையின் உள்ளமைப்புக்குள்) எண்ணெய் அடிக்காதீர்கள். உள்ளே போன எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகும், குளிர் வந்தால் சியர் (சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) சரியாக மாட்டாது. டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. விரட்டட்டும், பிறகு துடைத்தெடுத்துவிட்டுத் துப்பாக்கி எண்ணெய் போடுங்கள். அதையே பாதுகாப்புப் பூச்சாக நம்பி ஒரு சீசன் முழுக்க விட்டுவைத்த ரைபிள்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

*

மழை குழலுக்குள் இறங்காமலிருக்க முனையின் மேல் ஒரு சுற்று எலெக்ட்ரிகல் டேப் போதும். டேப்போடு சுடலாம். குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே டேப்பைப் பிய்த்துவிடும், குண்டு அதைத் தொடுவதில்லை. குறியும் மாறாது. டேப் முனைக்கு மேல்தான் இருக்க வேண்டும். துணி, கார்க், ரப்பர் என்று எதையாவது உள்ளே செருகிவிட்டு மறந்து சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

தண்ணீர் உள்ளே போய்விட்டால் ரைபிளைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. போல்ட் மூடி, சேம்பரில் தோட்டா இருந்தால் உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்தது மாதிரிதான், நீர் அப்படியே நிற்கும். தோட்டாவை எடுத்து போல்ட்டைத் திறந்தால்தான் இறங்கும். .22 போன்ற சிறிய துளைகளில் திறந்தும் முழுக்க இறங்காது, புல்-த்ரூ கயிற்றில் உலர்ந்த துணியைக் கட்டி ஒருமுறை இழுத்தாக வேண்டும். பனியிலோ சேற்றிலோ முனை குத்திவிட்டால் தோட்டாவை இறக்கி, போல்ட்டை உருவி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த குண்டு கிடையாது.

சேம்பரையும் தோட்டாவையும் ஈரமில்லாமல் வையுங்கள். எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் சுடும்போது தோட்டாவின் கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கும். சுவர் தாங்க வேண்டிய விசையும் சேர்ந்து போல்ட் லக்குகளின் (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகளின்) மேல் விழும்.

*

யாரும் இன்னும் சைலன்சரைத் தொடவில்லை. தோட்டாவின் வெடிமருந்து எரியும்போது நீராவியும் உண்டாகிறது. சைலன்சரின் உள்ளறைகளில் அது குளிர்ந்து நீராகி, கரியோடு கலந்து, மெல்லப் பேரல் முனைக்கு வருகிறது. மழையே பெய்யாத நாளில் கூட இதே கதைதான். முனையின் கடைசி ஓரிரு அங்குலத்திலும் திருகு மரையிலும் மட்டும் துரு என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வேட்டை முடிந்ததும் கழற்றித் தனியாகக் காய வையுங்கள். மரையில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தாலும் உலோகம் வியர்க்கும், குழலின் உள்ளேயும்தான். வந்த உடனே துடைத்துப் பயனில்லை. ரைபிள் அறை வெப்பத்துக்கு வரட்டும், அதன் பிறகு துடையுங்கள்.

*

இனி குழலுக்குள் படிவது. மருந்தின் கரி, குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டும் செம்பு, ரிம்ஃபயர் (.22 போன்ற சிறிய தோட்டா) என்றால் ஈயம் எனப் பல உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சால்வென்ட் (கரைப்பான்) என்று எண்ணுவதில்தான் பாதிப் பேருடைய வேலை கெடுகிறது. கரி மேலே, செம்பு அடியில் என்று அடுக்கடுக்காக இருக்கும். கரியை எடுக்காமல் செம்பு சால்வென்ட்டை ஊற்றினால் அது செம்பைத் தொடவே தொடாது.

போர் கைடு (ராடை நேராக நடத்தும் குழாய்) மாட்டி, சேம்பர் பக்கமிருந்து மட்டும் துடைக்கும் ராடை விடுங்கள். முனையிலிருந்து விட்டால் கிரவுன் (குண்டு வெளியேறும் முனையின் விளிம்பு) தேயும், கிரவுன் ஒரு பக்கம் தேய்ந்தால் குறி போச்சு. கரி சால்வென்ட்டில் நனைத்த இரண்டு துணி, பத்து நிமிடம் ஊறல், காலிபருக்குச் (குழலின் துளை அளவுக்குச்) சரியான வெண்கலப் பிரஷ்ஷால் பத்து முறை, பிறகு உலர்ந்த துணி. பிரஷ்ஷைக் குழலின் நடுவில் திருப்பாதீர்கள், முழுக்க வெளியே வந்தபின் இழுங்கள்.

செம்புக்கு மாறும்போது நைலான் பிரஷ், பித்தளை அல்லாத ஜாக் (ராடின் நுனியில் துணியைப் பிடிக்கும் துண்டு). அம்மோனியா சால்வென்ட் செம்பைக் கண்டால் துணியை நீலப்பச்சை ஆக்கும். பித்தளை ஜாக்கும் அதே நிறத்தைத் தரும் என்பதால் சுத்தமான குழலைச் சுரண்டிக்கொண்டே இருக்க நேரும். புட்டியில் எழுதிய நேரத்துக்கு மேல் அதைக் குழலில் விடாதீர்கள். இரவு முழுக்க ஊறட்டும் என்று விடுவது எல்லா வகைக்கும் பொருந்தாது.

பழைய ராணுவத் தோட்டா சுடுபவர்களுக்கு: அந்த பிரைமர்களில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகளில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தால் எரிந்தபின் மிஞ்சுவது ஓர் உப்பு. காற்றின் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அப்புறம் எண்ணெய். எண்ணெயை மட்டும் தடவினால் உப்பின் மேல் போர்வை போர்த்தியதுதான் மிச்சம்.

*

செம்பை ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பல ரைபிள்கள் பளிச்சென்ற குழலில் முதல் குண்டை வேறு இடத்தில் போடும், ஓரிரண்டு குண்டு போனபிறகே கூட்டமாக விழும். சீசன் நடுவில் ஈரத்தை மட்டும் எடுத்து மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். குறி சிதறத் தொடங்கினால் செம்பைக் கவனிக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் பூட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் முழுச் சுத்தம்தான், கசடுக்கு அடியில் ஈரம் இருந்தால் குழி விழுந்துவிடும். எப்படியானாலும் சுடுவதற்கு முன் உலர்ந்த துணி ஒன்று ஓடட்டும், எண்ணெய் நின்ற குழலில் முதல் குண்டு விலகும்.

*

ஸ்டெயின்லெஸ் என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வரி: பேரலுக்குப் பரவலாகப் பயன்படும் 416 ரகமும் துருப்பிடிக்கும், மெதுவாக. புளூயிங் (எஃகின் மேல் தரும் நீலக்கருப்புப் பூச்சு) என்பதும் மெல்லிய ஆக்சைடு படலம்தான், மேலே எண்ணெய் இல்லாவிட்டால் பெரிதாகக் காக்காது.

மர ஸ்டாக்கில் மேல்பூச்சு நன்றாக இருக்கும். ரிகாயில் பேடுக்கு (தோளில் படும் மெத்தைக்கு) அடியில் குறுக்கு வெட்டு மரம் பூச்சே இல்லாமல் இருக்கும், பேரல் சேனலின் (பேரல் உட்காரும் பள்ளத்தின்) உள்பக்கமும் அப்படியே. நீர் குடிப்பது அந்த வழியாகத்தான். பேடைக் கழற்றி மூன்று நான்கு மெல்லிய பூச்சு கொடுங்கள். சேனலில் வீங்கிய மரம் பேரலைத் தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். ஒரு காகிதத் துண்டை நடுவில் விட்டு இழுத்தால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும்.

அலமாரியில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறிவிட்டால் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்து மறுபடி போடலாம். பஞ்சு வைத்த உறை, தோல் உறை இரண்டும் பயணத்துக்கு மட்டும். முனை கீழே இருக்கும்படி நிறுத்தினால் மிஞ்சிய எண்ணெய் ஆக்‌ஷனுக்கும் ஸ்டாக்கின் கழுத்துக்கும் இறங்காமல் முனை வழியாக வெளியேறும், அடியில் ஒரு துணி போட்டுவிடுங்கள்.